பாட்டைத் திருத்துங்கள், பாடுகிற வாயை அடைக்காதீர்கள்

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. அவனுடைய திருத்தூதர் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக!



அல்லாஹ் மனிதனுக்கு வழங்கியுள்ள கொடைகளை எண்ணி முடியாது. அவற்றுள் ஒன்றைத் திருக்குர்ஆன் தனியாக எடுத்துக் காட்டுகிறது. ‘அர்ரஹ்மான்’ சூராவின் தொடக்கத்தில், குர்ஆனைக் கற்றுக்கொடுத்ததையும் மனிதனைப் படைத்ததையும் சொன்ன உடனேயே, அவனுக்குப் ‘பயான்’ என்னும் விளக்கிச் சொல்லும் ஆற்றலைக் கற்பித்ததையும் அல்லாஹ் நினைவூட்டுகிறான் (55:4).

இந்தப் பயானைக் கொண்டுதான் ஒரு மாணவன் மீலாது விழாவுக்கென்று ஒரு பாட்டு எழுதுகிறான். ஓர் இளம் ஆலிம் தம் முதல் ஜும்ஆ உரையைத் தயாரிக்கிறார். ஒரு பெண் தன் நோட்டுப் புத்தகத்தில் நபிமார்களின் வரலாற்றைத் தனக்குத் தெரிந்த தமிழில் எழுதி வைக்கிறாள். அதே பயானைக் கொண்டுதான் நாமும் அவற்றைக் கேட்டுவிட்டு, படித்துவிட்டு, ஒரு வார்த்தை சொல்லுகிறோம். எழுதியவருக்கு எழுத்தின் கணக்கு உண்டு. சொன்னவருக்குச் சொல்லின் கணக்கு உண்டு. முதற்கணக்கைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. இரண்டாவது கணக்கைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஆகவே இம்மாதம் அதையே எடுத்துக்கொண்டோம்.

மணவீட்டில் நடந்த திருத்தம்

ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) என்ற அன்சாரிப் பெண்மணி தம் திருமணத்தை ஒட்டி நடந்த ஒரு நிகழ்ச்சியை அறிவிக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரியில் அது பதிவாகியிருக்கிறது. நாயகம் (ஸல்) அவர்கள் மணவீட்டுக்கு வந்து அமர்ந்தார்கள். சிறுமியர் சிலர் தஃப் அடித்துக்கொண்டு, பத்ருப் போரில் ஷஹீதான தங்கள் முன்னோரை நினைத்துப் பாடிக்கொண்டிருந்தனர். நாயகம் (ஸல்) அவர்களைக் கண்டதும், ஒரு சிறுமி தன் பாட்டில் ஒரு வரியைச் சேர்த்தாள். நாளை நடக்கவிருப்பதை அறிந்த நபி நம்மிடையே இருக்கிறார் என்பது அவ்வரியின் கருத்து.

இது சிறிய பிழையன்று. மறைவானதை அறிவது அல்லாஹ்வுக்கே உரியது என்ற அகீதாவின் அடிப்படையையே தொடுகிற பிழை. அதுவும் யாருக்கு முன்னால் பாடப்பட்டது? அந்த அகீதாவைப் போதிக்க வந்த தூதருக்கு முன்னால்! அவர்கள் என்ன செய்தார்கள்? தஃபைப் பிடுங்கவில்லை. பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. யார் பெற்ற பிள்ளை இது என்று கேட்கவில்லை. அந்த வரியை விட்டுவிடு என்றார்கள். முன்பு பாடிக்கொண்டிருந்ததையே பாடு என்றார்கள்.

சகோதரர்களே! இந்தக் கட்டளைக்கு இரண்டு பாதிகள் உண்டு. ஒரு பாதி, ‘அதை விடு’ என்பது. மறு பாதி, ‘நீ பாடு’ என்பது. முதற்பாதி இல்லையென்றால் மார்க்கத்தில் பிழை நுழைந்துவிடும். இரண்டாம் பாதி இல்லையென்றால் ஒரு சிறுமியின் வாய் அடைபட்டுவிடும். நாயகம் (ஸல்) அவர்கள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார்கள். நம்மிடமோ பெரும்பாலும் முதற்பாதி மட்டுமே தங்கிவிட்டது. இரண்டாம் பாதியை நாம் எங்கோ தொலைத்துவிட்டோம். ஒருவருடைய படைப்பைச் சீர்படுத்தும் விமர்சனத்துக்கும், அதைச் சிதைத்துப் போடும் தூற்றலுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

கவிஞர்களை அவர்கள் நடத்திய விதம்

கவிதைக்கு இஸ்லாத்தில் இடமேது என்று சிலர் கேட்பதுண்டு. ‘அஷ்ஷுஅரா’ சூராவின் இறுதியில், சொல்லுவதைச் செய்யாமல் மனம்போன போக்கில் அலைகிற கவிஞர்களை அல்லாஹ் கண்டிக்கிறான். அத்துடன் ஈமான் கொண்டு நற்செயல் புரிந்து அல்லாஹ்வை அதிகமாக நினைவுகூர்வோருக்கு விதிவிலக்கும் அளிக்கிறான் (26:224-227). கண்டனத்தோடு விலக்கையும் சேர்த்துச் சொல்லும் அந்த நீதியைக் கவனியுங்கள். எல்லோரையும் ஒரே கம்பால் அடிக்கும் பழக்கம் குர்ஆனில் இல்லை.

ஹஸ்ஸான் பின் ஸாபித் (ரலி) அவர்கள் கவி சொல்லுவதற்காக மஸ்ஜிதுன் நபவியிலேயே மேடை வைக்கப்பட்டதை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். லபீத் (ரலி) அவர்களின் ஒரு சொல்லை, கவிஞர் சொன்ன சொற்களிலெல்லாம் மிக உண்மையானதென்று நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டியதும் புகாரியில் உண்டு. இன்னும் பாருங்கள். உமய்யா பின் அபிஸ்ஸல்த் என்பவர் இஸ்லாத்தை ஏற்காமலே இறந்தவர். அவருடைய கவிதை தெரியுமா என்று ஷரீத் (ரலி) அவர்களிடம் கேட்டு, ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இன்னும் சொல், இன்னும் சொல் என்று நூறு அடிகள் வரை கேட்டார்களாம். இது ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. ஆளை ஒப்புக்கொள்ள முடியாத இடத்திலும் அவருடைய நல்ல சொல்லை ஒப்புக்கொண்ட பெருந்தன்மை அது.

கஅப் பின் ஸுஹைர் (ரலி) அவர்கள் முன்பு நாயகத்தை இகழ்ந்து கவி பாடியவர். ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டில் மனந்திருந்தி வந்து புகழ்ந்து பாடினார். அப்பாட்டில் இந்திய வாளுக்கு உவமை சொன்ன இடத்தில், அல்லாஹ்வின் வாள் என்று ஒரு சொல்லை நாயகம் (ஸல்) அவர்கள் மாற்றிக் கொடுத்ததாக உரையாசிரியர்கள் கூறுவர். மாற்றியது ஒரே ஒரு சொல். பிறகு தம் மேலாடையையே கவிஞர்மீது போர்த்தினார்கள் என்பது வரலாறு. திருத்தமும் போர்வையும் ஒரே கையிலிருந்து வந்தன.

கம்பம் பள்ளத்தாக்கு சொல்லும் பாடம்

தேனி மாவட்டத்து வாசகர்களுக்கு இதை விளக்க நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து, மலையைக் குடைந்த சுரங்க வழியே தண்ணீர் இறங்கியதிலிருந்து செழித்துவரும் பள்ளத்தாக்கு அது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று சாலையோடு போனால் நெல் வயலும் தென்னந்தோப்பும் திராட்சைப் பந்தலும் மாறி மாறி வரும். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவரிடம் கவாத்து என்றால் என்னவென்று கேட்டுப் பாருங்கள். கவாத்துச் செய்யாமல் விட்ட கொடி இலையும் தழையுமாகப் பந்தலை மூடிக்கொள்ளும்; காய்ப்பு குறைந்துபோகும். ஆகவே போன வெள்ளாமையில் முற்றிய கிளையை, இத்தனை கண் விட்டு வெட்ட வேண்டும் என்று கணக்குப் பார்த்து வெட்டுகிறார்கள். வெட்டு விழுந்த சில நாட்களில் கண் திறந்து, புதுத் தளிரோடு பூங்கொத்து வருகிறது. ஏறக்குறைய நான்கு மாதத்தில் குலை கனிந்து கைக்கு வருகிறது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் உள்ளன. கவாத்துக்காரர் முதலில் கொடியைப் பார்க்கிறார். எந்தக் கண் காய்க்கும், எது காய்க்காது என்று அறிந்த பிறகே கத்தியை எடுக்கிறார். அடுத்து, அவர் கிளையை வெட்டுவாரே தவிர அடித்தண்டில் கை வைக்க மாட்டார். மூன்றாவதாக, வெட்டிய வாயில் நோய் ஏறிவிடாதிருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசையைத் தடவுவதும் உண்டு. பார்த்து வெட்டுவது, தண்டைக் காப்பது, காயத்துக்கு மருந்திடுவது. இம்மூன்றும் சேர்ந்தால்தான் அது கவாத்து. தோட்டத்துக்குள் கோடரியோடு புகுந்து தூரோடு வெட்டுகிறவனும், நானும் வெட்டத்தானே செய்தேன் என்று சொல்லலாம். ஆனால் அடுத்த வெள்ளாமை வரும்போது உண்மை தெரிந்துவிடும்.

போடிநாயக்கனூருக்கு வந்தால் இன்னொரு பாடம். மலையில் விளைந்த ஏலக்காய் அங்கே ஏலத்துக்கு வருகிறது. வாங்குகிற வியாபாரி மாதிரியைக் கையில் எடுத்து, பருமனைப் பார்க்கிறார், பச்சை நிறத்தைப் பார்க்கிறார், மணத்தைப் பார்க்கிறார். அதற்கு மேல்தான் விலை சொல்லுகிறார். மூட்டையைத் தொடாமலே சரக்கு மட்டம் என்று சொல்லுபவரை ஏல மண்டபத்தில் யாராவது மதிப்பார்களா? ஷுஐப் (அலை) அவர்கள் தம் சமூகத்தாருக்குச் செய்த உபதேசத்தில், அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுங்கள் என்பதோடு, மக்களுடைய பொருள்களின் மதிப்பைக் குறைத்துவிடாதீர்கள் என்ற கட்டளையும் சேர்ந்திருக்கிறது (7:85). கடையில் நூறு கிராம் குறைத்துக் கொடுப்பது பாவமென்று அஞ்சுகிற நாம், ஒருவர் ஆறு மாதம் உழைத்து எழுதியதைப் பக்கத்தைப் புரட்டாமலே ‘குப்பை’ என்று எடை போடுவது பாவமென்று அஞ்ச வேண்டாமா?

ஓர் ஆலிமும் ஒரு புலவரும்

நம் தமிழ் முஸ்லிம்களின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. எட்டயபுரம் உமறுப்புலவர், வள்ளல் சீதக்காதியின் விருப்பப்படி நாயகத்தின் வாழ்வைக் காப்பியமாகப் பாட முன்வந்தார். அரபு மூலங்களின் செய்திகளைப் பெற, மாபெரும் ஆலிமாகிய ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களை அணுகினார். புலவரின் உடையும் தோற்றமும் அக்கால அரண்மனைப் புலவர்களைப் போல் இருந்ததைக் கண்டு, அப்பா அவர்கள் முதலில் மறுத்துவிட்டார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. புலவர் மனமுடைந்து போனார். பின்னர் அப்பா அவர்களின் மனம் மாறியது. பரங்கிப்பேட்டையில் இருந்த தம் மாணவர் மாமு நயினார் லெப்பை அவர்களிடம் புலவரை அனுப்பி, வேண்டிய செய்திகளைக் கொடுத்து உதவச் செய்தார்கள்.

அந்த முதல் மறுப்போடு கதை முடிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணம் நமக்குக் கிடைத்திருக்காது. தமிழ் முஸ்லிம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக ஓதிக் கேட்ட ஒரு காப்பியம் ஒரு திண்ணையிலேயே மடிந்திருக்கும். அப்பா அவர்களின் பெருமை எதில் இருக்கிறது? தகுதி போதாதென்று எண்ணிய இடத்தில், தகுதியைப் பெறும் வழியைக் காட்டியதில் இருக்கிறது. உனக்கு ஆதாரம் தெரியவில்லை என்று சொல்லுவது எளிது. இதோ ஆதாரம், இன்னாரிடம் போய்க் கேள் என்று சொல்லுவதுதான் ஆலிமுக்கு அழகு.

சீறாப்புராணத்தில் குறையே இல்லையா என்று கேட்கலாம். அரபு நாட்டை வருணிக்கும்போது தமிழ்நாட்டு ஆற்றையும் வயலையும் புலவர் கொண்டுவந்து நிறுத்துகிறார். இது காப்பிய மரபு என்று தமிழறிந்தோர் சொல்லுவர். அதில் வரும் சில செய்திகளுக்கு ஸனது வலுவாக இல்லையென்று ஹதீஸ் கலை அறிந்தோர் சொல்லுவர். இரண்டையும் சொல்லத்தான் வேண்டும். இந்த நிகழ்ச்சிக்கு ஸஹீஹான அறிவிப்பு இல்லை, ஆகவே இதை வரலாறாகக் கொள்ளாதீர்கள் என்பது விமர்சனம். அது வாசகனுக்குச் செய்யும் உதவி. உமறு ஒரு பொய்யர், அவர் நூலைக் கொளுத்துங்கள் என்பது தூற்றல். முன்னதால் நூலும் பிழைக்கிறது, மார்க்கமும் காக்கப்படுகிறது. பின்னதால் இரண்டுக்கும் நன்மையில்லை.

ஒரு நூலைச் சுற்றி எழுந்த புயல்

தமிழ்நாட்டில் ஒரு படைப்பைச் சுற்றி நடந்த மிகப் பெரிய சண்டைகளுள் ஒன்று அருட்பா மருட்பாப் போராட்டம். அது சைவர்களுக்குள் நடந்த வழக்கு. அவர்களுடைய சமயத்தில் தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை, படிப்பினைக்காகவே குறிப்பிடுகிறோம்.

வடலூர் இராமலிங்க அடிகளாரின் பாடல்கள் 1867-இல் திருவருட்பா என்ற பெயரோடு அச்சாகி வந்தன. யாழ்ப்பாணம் ஆறுமுக நாவலர் அந்தப் பெயரையே மறுத்தார். திருமுறைகளுக்கு மட்டுமே உரிய மதிப்பை வேறொரு நூலுக்குக் கொடுக்கலாகாது என்பது அவருடைய வாதம். நாவலர் சாதாரணமானவரல்லர், தமிழ் உரைநடைக்கும் பதிப்புக்கும் அவர் செய்த தொண்டு பெரியது. அவர் எழுப்பிய கேள்வியும் கேட்கத் தகுந்த கேள்விதான். ஆனால் அக்கேள்வி கேள்வியாகவே நிற்கவில்லை. கண்டன நூலுக்குப் பதில் கண்டனம், அதற்கு மறு கண்டனம் என்று வளர்ந்து, 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தின் படி வரை ஏறியது. அடிகளார் 1874-இலும் நாவலர் 1879-இலும் மறைந்தனர். அதன் பிறகும் இரு தரப்பாரும் பல்லாண்டுகள் ஓயவில்லை. பாடலின் பொருளைப் பற்றித் தொடங்கிய பேச்சு, ஆளை இகழ்வதில் போய் முடிந்தது. அந்தக் கண்டன நூல்களை இன்று ஆராய்ச்சியாளர்களைத் தவிர யார் படிக்கிறார்கள்? இகழப்பட்ட பாடல்களோ இன்றும் பாடப்படுகின்றன.

அந்தப் போராட்டத்தின் பிற்பகுதியில், அருட்பாவின் பக்கம் நின்று மேடையேறிப் பேசியவர்களுள் ஒரு முஸ்லிம் புலவரும் இருந்தார் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டும். அவர் கோட்டாறு இடலாக்குடியில் 1874-இல் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர். சீறாப்புராணத்தைப் பதிப்பிக்கும் பணியில் ஈடுபட்டவர்; 1907 மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செயல்களில் கருத்தைச் செலுத்திக் காட்டிச் சதாவதானி என்று பெயர் பெற்றவர். தம் மார்க்கத்தில் உறுதியாக நின்றுகொண்டே, பிறர் படைப்பில் உள்ள நயத்தை எடுத்துச் சொல்ல அவருக்கு மனம் இருந்தது. உமய்யாவின் கவிதையை நூறு அடிகள் கேட்ட நபியின் உம்மத்தில் ஒருவரல்லவா அவர்!

உண்மையைச் சொல்லாமல் விடலாமா?

இவ்வளவும் கேட்ட பிறகு ஒரு சகோதரர் எழுந்து, ‘அப்படியானால் குற்றத்தைக் கண்டும் வாய்மூடி இருக்க வேண்டுமா? மார்க்கத்துக்கு மாறாக எழுதினாலும் தட்டிக்கொடுக்க வேண்டுமா?’ என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. பதிலும் நம் முன்னோர்களிடமே இருக்கிறது.

ஹதீஸ் அறிவிப்பாளர்களை எடைபோடுவதற்கென்று ‘ஜர்ஹு - தஃதீல்’ என்ற ஒரு கலையையே நம் இமாம்கள் உருவாக்கினார்கள். இவருடைய நினைவாற்றல் குறைவு, இவர் நம்பத் தகாதவர் என்று பெயர் சொல்லியே பதிந்து வைத்தார்கள். அதைச் செய்யாமலிருந்தால் நாயகத்தின் பெயரால் பொய்கள் பெருகியிருக்கும். அந்த இமாம்களுள் தலைசிறந்த புகாரி (ரஹ்) அவர்களின் நாவடக்கத்தைப் பாருங்கள். கடுமையாகக் குறைகாண வேண்டிய இடத்திலும், இவர் விஷயத்தில் யோசனைக்கு இடமிருக்கிறது, இவரைக் குறித்து அறிஞர்கள் மௌனமாகிவிட்டனர் என்ற அளவிலேயே பெரும்பாலும் நிறுத்திக்கொண்டார்கள். எவரையும் புறம் பேசிய குற்றத்துக்காக அல்லாஹ் தம்மிடம் கணக்குக் கேட்க மாட்டான் என்று நம்புவதாகவும் அவர்கள் சொன்னார்கள். ஆயிரக்கணக்கான அறிவிப்பாளர்களை எடைபோட்ட ஒருவர் இப்படிச் சொல்ல முடிந்தது! இரண்டு பேரை எடைபோட்டுவிட்டு நம்மால் சொல்ல முடியுமா?

இமாம் நவவி (ரஹ்) அவர்கள் ‘ரியாளுஸ்ஸாலிஹீன்’ நூலில், பிறர் குறையை அவர் இல்லாத இடத்தில் பேசுவது ஆறு காரணங்களுக்காக மட்டுமே ஆகுமாகும் என்று வரையறுத்துக் காட்டியிருக்கிறார்கள். அநீதியை முறையிடுவதும், மக்களைத் தீங்கிலிருந்து எச்சரிப்பதும் அவற்றுள் அடங்கும். பொழுதுபோக்குவதும், நம் புலமையைக் காட்டிக்கொள்வதும், பொறாமையை ஆற்றிக்கொள்வதும் அந்த ஆறில் இல்லை. ஆகவே மார்க்கத்துக்கு மாறான கருத்தை மறுக்கத்தான் வேண்டும். உறுதியாக மறுக்க வேண்டும். ஆனால் மறுப்பது கருத்தையே தவிர, எழுதியவரின் குலத்தையோ ஏழ்மையையோ உருவத்தையோ அன்று. ‘அல்ஹுஜுராத்’ சூராவில் பரிகாசம், குத்திப் பேசுதல், பட்டப்பெயர், தீய எண்ணம், துருவி ஆராய்தல், புறம் ஆகியவற்றை அல்லாஹ் ஒன்றன்பின் ஒன்றாக விலக்கி, இறுதியில் இறந்த சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு அதை ஒப்பிடுகிறான் (49:11,12). நாம் இலக்கிய விமர்சனம் என்று சொல்லிக்கொண்டு பேசுவதில் எத்தனை பங்கு இந்த மாமிசம் என்பதை அவரவரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

சொல்லுமுன் நான்கு கேள்விகள்

ஆகவே, ஒருவருடைய பாட்டையோ கட்டுரையையோ உரையையோ பற்றி வாய் திறக்குமுன் நம்மை நாமே நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்வோமாக.

முதலாவது: முழுவதும் படித்தோமா, கேட்டோமா? பாதி கேட்டுவிட்டு எழுந்து வந்தவருக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை இல்லை.

இரண்டாவது: இதை யாரிடம் சொல்லுகிறோம்? முஃமின் முஃமினுக்குக் கண்ணாடி என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதில் வருகிறது. கண்ணாடி தனக்கு முன் நிற்பவருக்கே அவர் முகத்தின் கறையைக் காட்டும். தெருவைக் கூட்டிக் காட்டாது. உள்ள கறையைக் காட்டும். இல்லாத கறையை ஒட்டவைக்காது. எழுதியவரிடம் ஒரு சொல்கூடச் சொல்லாமல் தேநீர்க் கடையில் பத்துப் பேரிடம் சொல்லுவது கண்ணாடியின் வேலையன்று.

மூன்றாவது: எந்த இடம், அதற்கு மாற்று என்ன? ஒருவர் பள்ளிக்கு வந்து அவசரமாகத் தொழுதார். நீர் தொழவில்லை, திரும்பப் போய்த் தொழும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை சொன்னார்கள். எனக்கு இதைவிட நன்றாகத் தெரியாது, கற்றுத் தாருங்கள் என்று அவர் கேட்டபோது, தக்பீர் முதல் ஸுஜூது வரை ஒவ்வொரு நிலையையும் வரிசையாகக் கற்றுக்கொடுத்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. ‘சரியில்லை’ என்ற சொல்லோடு ‘இப்படிச் செய்’ என்ற சொல்லும் வந்தது. மாற்றுச் சொல்லத் தெரியாதவர், குறை சொல்லும்போது குரலையாவது தாழ்த்திக்கொள்ளட்டும்.

நான்காவது: நாம் சொல்லி முடித்த பிறகு அவர் மறுபடியும் பேனாவை எடுப்பாரா? மற்ற மூன்றுக்கும் இதுவே உரைகல். எடுப்பார் என்றால் நாம் சொன்னது கவாத்து. எடுக்க மாட்டார் என்றால், நாம் சொன்னது எவ்வளவு உண்மையாக இருந்தாலும், சொன்ன முறையில் எங்கோ கோடரி புகுந்துவிட்டது.

எழுதுகிற இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. குறை சொல்லுபவரெல்லாம் பகைவரல்லர். தம் குறைகளைத் தமக்கு எடுத்துக்காட்டுபவருக்கு அல்லாஹ் அருள் செய்வானாக என்று துஆச் செய்தவர்கள் உமர் (ரலி) அவர்கள். நல்ல திருத்தம் வந்தால் நன்றியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். வசை வந்தால் அதிலும் உண்மை ஒரு துளி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதை எடுத்துக்கொண்டு மீதியை அல்லாஹ்விடம் விட்டுவிடுங்கள். புகழ்ச்சி மட்டுமே வேண்டுமென்று எழுதுபவருக்கு நிய்யத்தில்தான் முதற்கவாத்துத் தேவை.

வீட்டுக்குள்ளே

தாய்மார்களே! படைப்பு என்றால் ஏட்டில் எழுதுவது மட்டுமன்று. மருமகள் முதன்முதலாகச் சமைத்த நெய்ச்சோறும் படைப்புத்தான். மகள் பூத்தையல் போட்ட முஸல்லாவும் படைப்புத்தான். எட்டு வயதுப் பையன் ராகம் பிடித்து ஓதிக் காட்டும் சின்ன சூராவும் படைப்புத்தான். நாயகம் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் குறை சொன்னதில்லை; விரும்பினால் உண்பார்கள், விரும்பாவிட்டால் விட்டுவிடுவார்கள் என்று அபூஹுரைரா (ரலி) அறிவிக்கிறார்கள்; இதுவும் புகாரியில் உள்ளதே. உப்புக் கூடிவிட்டால் விருந்தினர் போன பிறகு, ‘அம்மா, அடுத்த தடவை அரைக்கரண்டி குறைத்துப் போடு, மற்றதெல்லாம் நன்றாக வந்திருக்கிறது’ என்று சொல்லலாமே! விருந்தினர் முன்னாலேயே முகம் சுளித்தால் உப்புக் குறையாது. அந்தப் பெண்ணின் மனம்தான் குறைந்துபோகும்.

பையன் ஓதும்போது ஓரெழுத்துப் பிசகினால் திருத்தத்தான் வேண்டும். குர்ஆனில் பிழை விடலாகாது. ஆனால் ‘உனக்கு இது வராது’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த மூன்று சொற்களைக் கேட்டுக் கிதாபை மூடிவைத்த பிள்ளைகள் எத்தனை பேரோ!

உடைத்தவர்கள் செய்ய வேண்டியது

முஃப்லிஸ் எனப்படும் திவாலானவர் யார் என்று நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களிடம் கேட்டு, தாமே விளக்கிய ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது. தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வரும் ஒருவர், இன்னாரைத் திட்டியிருப்பார். இன்னார்மீது பழி சுமத்தியிருப்பார். அவருடைய நன்மைகளையெல்லாம் அவர்களுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, நன்மை தீர்ந்த பின் அவர்களுடைய பாவங்களும் அவர்மீது போடப்படும். மஹ்ஷரில் அப்படி வந்து நம் நன்மையை எடுத்துச் செல்லுபவர், நாம் ஒரு நாள் மேடைக்குக் கீழே நின்று சிரித்த அந்த மாணவனாக இருந்தால் என்ன செய்வோம்?

இது அல்லாஹ்வின் உரிமையோடு அடியானின் உரிமையும் கலந்த குற்றம். தௌபா மட்டும் போதாது. அவரிடமே மன்னிப்புப் பெற வேண்டும். நாம் பேசியதே அவருக்குத் தெரியாமலிருந்து, போய்ச் சொன்னால் புண் பெரிதாகும் என்ற நிலை இருக்குமானால், அவருக்காக துஆச் செய்து, எந்தச் சபையில் இகழ்ந்தோமோ அந்தச் சபையிலேயே அவரிடமுள்ள நல்லதை எடுத்துச் சொல்ல வேண்டும் என்று அறிஞர்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். அவர் முகவரி தெரிந்தால் ஒரு கடிதம் போடுங்கள். கண்டால் அருகே அழைத்து, ‘தம்பி, இப்போது என்ன எழுதுகிறாய்?’ என்று கேளுங்கள். அந்தக் கேள்வி அவர் மூடிவைத்த நோட்டைத் திறக்கலாம்.

வரும் மீலாதில் உங்கள் மஹல்லாவில் ஒரு பிள்ளை நடுங்கும் கையில் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு மேடையேறும். அதன் பாட்டில் பிழையும் இருக்கலாம். மணவீட்டில் தஃப் அடித்த அந்தச் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். பிழையை அன்போடு எடுத்துவிடுங்கள். பிறகு, ‘நீ பாடு’ என்று சொல்லுங்கள். அந்த இரண்டாம் பாதியையும் நிறைவேற்றும்போதுதான் அந்த ஸுன்னத்து முழுமையாகிறது.

யா அல்லாஹ்! எங்கள் நாவுகளைக் கட்டுபவையாக ஆக்குவாயாக, இடிப்பவையாக ஆக்கிவிடாதே! எங்கள் பிள்ளைகளின் எழுத்திலும் பேச்சிலும் பரக்கத்தைத் தருவாயாக! எங்கள் சொல்லால் மனமுடைந்தோரின் மனங்களைச் சேர்த்துவைப்பாயாக! ஆமீன்! யாரப்பல் ஆலமீன்!